கண்ட்ரோல் ரூமில் அலாரம் அளவுக்கு மீறினால்: எந்த வழியை முதலில் எடுப்பது?

1994 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை காலை. வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்ட் ஹேவனில் இருந்த டெக்ஸாகோ சுத்திகரிப்பு ஆலைப் பகுதியில் கடும் இடிமின்னல். மின்னலால் கச்சா எண்ணெய் வடிக்கும் யூனிட்டில் தீப்பிடித்தது. மின்சாரம் தடைபட்டதில் மற்ற யூனிட்களும் தடுமாறின. அதற்குப் பிறகு ஒரு கண்ட்ரோல் வால்வு மூடியே கிடந்தது. திரையோ அது திறந்திருப்பதாகக் காட்டியது. வெளியேற வழியில்லாத திரவம் ஒவ்வொரு கலனாக நிரம்பி, கடைசியில் ஃப்ளேர் டிரம்மையும் (எரித்துவிட அனுப்பும் வாயுவிலிருந்து திரவத்தைப் பிரிக்கும் கலன்) நிரப்பி, அதிலிருந்து போகும் குழாயை உடைத்துக்கொண்டு வந்தது. சுமார் 20 டன் ஹைட்ரோகார்பன் வெளியேறி, மதியம் 1.23 மணிக்கு வெடித்தது. 26 பேர் காயமடைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆலையில் ஆட்கள் குறைவு, யாரும் சாகவில்லை.

வெடிப்புக்கு முந்தைய கடைசி 11 நிமிடத்தில் இரண்டு ஆபரேட்டர்களுக்கு வந்த அலாரங்கள் 275. கணக்குப் போட்டால் 2.4 விநாடிக்கு ஒன்று. ஒரு டேக் எண்ணை (கருவியின் அடையாள எண்) படித்து முடிக்கக்கூட அந்த நேரம் போதாது. அந்த ஆலையில் இருந்த 2,040 அலாரங்களில் 87 சதவீதம் உயர் முன்னுரிமையோடு அமைக்கப்பட்டிருந்தன என்று பிரிட்டனின் தொழிலகப் பாதுகாப்பு அமைப்பு நடத்திய விசாரணை சொன்னது. எல்லாமே அவசரம் என்று எழுதி வைத்தால் எது அவசரம் என்று அந்த இரண்டு பேர் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அன்றைக்கு அவர்களுக்குத் தேவைப்பட்டது, கலனுக்குள் போவது எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு என்று நிதானமாகப் பார்க்கச் சில நிமிடங்கள். அந்த நிமிடங்களை அலாரங்களே தின்றுவிட்டன.

இந்த விபத்துக்குப் பிறகுதான் இத்துறை விழித்துக்கொண்டது. 1999-இல் இஇஎம்யுஏ 191 என்ற வழிகாட்டி வந்தது. 2009-இல் அமெரிக்காவின் ஐஎஸ்ஏ 18.2, 2014-இல் உலகத் தரமான ஐஇசி 62682. இவை சொல்லும் அளவுகோல் எளிமையானது. ஒரு ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்குச் சராசரியாக ஒரு அலாரம் வந்தால் நல்லது, இரண்டு வந்தால் சமாளிக்கலாம். ஒரு நாள் கணக்கில் சுமார் 150, அதிகபட்சம் 300. பத்து நிமிடத்தில் பத்துக்கு மேல் வந்தால் அதன் பெயர் அலாரம் வெள்ளம். முன்னுரிமைகள் 80 சதவீதம் கீழ்நிலை, 15 சதவீதம் நடுநிலை, 5 சதவீதம் உயர்நிலை என்று பிரிந்திருக்க வேண்டும்.

இந்த எண்களை முதல்முறை தங்கள் ஆலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர்களுக்கு அதிர்ச்சியாகத்தான் இருக்கும். மணலியோ தூத்துக்குடியோ, ஜாம்நகரோ ஜுபைலோ, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் அலாரம் வரும் கன்சோல்கள் அபூர்வமல்ல. உடனே எழும் கேள்வி, 'எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?' என்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உங்கள் ஆலையில் இருப்பது எந்த வகை மிகுதி?

என் பார்வையில் மூன்று வகை இருக்கின்றன. முதலாவது இரைச்சல்: சாதாரண ஓட்டத்திலேயே நாள் முழுக்கச் சில டேக்குகள் கத்திக்கொண்டே இருப்பது. இரண்டாவது குப்பை: எதற்காக வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாத அலாரங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து கிடப்பது. மூன்றாவது வெள்ளம்: சாதாரண நாளில் அமைதியாக இருந்துவிட்டு, ஒரு ட்ரிப் (இயந்திரமோ யூனிட்டோ தானாக நின்றுபோவது) வந்தவுடன் நூற்றுக்கணக்கில் கொட்டுவது. மூன்றுக்கும் மருந்து வேறு. இரைச்சலுக்கான மருந்தைக் கொடுத்துவிட்டு வெள்ளம் வற்றிவிட்டதாக நம்புவதுதான் இந்த வேலையில் நான் மிகவும் அஞ்சுகிற விஷயம். மாத அறிக்கையில் சராசரி அழகாக இறங்கும், மேலாளர் மகிழ்வார், ட்ரிப் நாளில் ஆபரேட்டர் மட்டும் பழையபடியே தவிப்பார்.

இவ்வளவு சேர்ந்தது எப்படி என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பழைய பேனல் காலத்தில் ஒரு அலாரம் வேண்டுமென்றால் தனி ஸ்விட்ச், தனி கேபிள், பேனலில் தனிக் கட்டம் எல்லாம் வேண்டும். செலவு இருந்ததால் யோசித்தார்கள். 1975-இல் ஹனிவெல்லின் டிடிசி 2000-மும் யோகோகாவாவின் சென்டமும் வந்து டிசிஎஸ் (கணினி வழிக் கட்டுப்பாட்டு அமைப்பு) காலம் தொடங்கியதும் அலாரத்தின் விலை சுழியமானது. ஒரு டிரான்ஸ்மிட்டரை (அளவை அளந்து அனுப்பும் கருவி) இணைத்தால் போதும். உயர், மிக உயர், தாழ், மிகத் தாழ், விலகல், மாறும் வேகம், சிக்னல் கோளாறு என ஏழெட்டு அலாரங்கள் தயாராகவே கிடைக்கும். ஹாஸாப் (ஆலையின் ஆபத்துகளை முன்கூட்டியே அலசும்) கூட்டங்களில் மாலை ஐந்து மணிக்குக் களைத்துப்போன குழு, 'சரி, இங்கே ஒரு அலாரம் போட்டுவிடலாம்' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகும். இருபது வருடம் இப்படியே போனால் இன்றைக்கு இருக்கும் நிலைதான் வரும்.

தொல்லை டேக்குகளைப் பிடிப்பது

மிகவும் மலிவான வழி இதுதான். அலாரம் ஜர்னலை (வந்த அலாரங்களின் பதிவு) எடுத்து, ஒரு மாதத்தில் எந்த டேக் எத்தனை முறை கத்தியது என்று வரிசைப்படுத்தினால், மொத்த எண்ணிக்கையில் பெரும்பங்கு முதல் பத்து இருபது டேக்குகளிடமிருந்தே வந்திருக்கும். இதற்குத் தனி சாஃப்ட்வேர்கூட வேண்டாம். ஜர்னலை எக்ஸெலுக்குக் கொண்டுவந்தால் போதும்.

அந்தப் பட்டியலில் வருபவை பெரும்பாலும் இரண்டு ரகம். ஒன்று, செட்பாயின்ட்டின் (அலாரம் ஒலிக்க வைத்த எல்லை) விளிம்பில் ஆடிக்கொண்டிருப்பவை. ஒரு கலனின் உயர் மட்ட அலாரம் 80 சதவீதத்தில் இருக்கிறது, திரவம் 79.8-க்கும் 80.2-க்கும் இடையே அலைகிறது என்றால் ஒவ்வொரு முறை தாண்டும்போதும் புதிய அலாரம். அங்கே 5 சதவீத டெட்பேண்ட் கொடுத்தால், மட்டம் 75-க்குக் கீழே இறங்கிய பிறகே அலாரம் அடங்கும்; மறுபடி 80-ஐத் தொட்டால்தான் அடுத்தது வரும். ஓட்டத்துக்கும் மட்டத்துக்கும் 5 சதவீதம், அழுத்தத்துக்கு 2, வெப்பநிலைக்கு 1 என்று தொடங்கலாம் என வழிகாட்டிகள் சொல்கின்றன. டிலேயும் (எல்லை தாண்டிய பிறகு அலாரம் காத்திருக்கும் நேரம்) அப்படித்தான்: ஓட்டத்துக்கும் அழுத்தத்துக்கும் 15 விநாடி, மட்டத்துக்கும் வெப்பநிலைக்கும் 60 விநாடி. இவை தொடக்கப் புள்ளிகள் மட்டுமே. சட்டென்று ஏறும் ஒரு ரியாக்டரின் வெப்பநிலையில் 60 விநாடி டிலே வைப்பது ஆபரேட்டரின் கையிலிருந்து ஒரு நிமிடத்தைப் பிடுங்குவதாகும். எனவே டிலேயைக் கூட்டும்போதெல்லாம், மீதி நேரம் அவருக்குப் போதுமா என்று பார்த்தாக வேண்டும்.

இன்னொரு ரகம், பழுதான கருவிகள். ஜங்ஷன் பாக்ஸுக்குள் ஈரம், அடைத்துக்கொண்ட இம்பல்ஸ் லைன், லூசான டெர்மினல். கடலோர ஆலைகளில் மழைக்காலத்தில் சிக்னல் கோளாறு அலாரங்கள் கூடுவதைப் பராமரிப்பில் இருப்பவர்கள் நன்றாக அறிவார்கள். இதை டிசிஎஸ்ஸில் உட்கார்ந்து டெட்பேண்ட் கொடுத்து மறைக்கக் கூடாது. ஃபீல்டுக்குப் போய்த்தான் சரிசெய்ய வேண்டும்.

பலன் சில வாரங்களில் தெரியும். இரவு ஷிப்டில் இருப்பவர்களின் முகத்திலேயே தெரியும். அதனால்தான் எந்த ஆலையாக இருந்தாலும் இதையே முதலில் செய்யச் சொல்வேன். ஆனால் இந்த வழி இரைச்சலை மட்டும்தான் தொடும். ட்ரிப் வரும்போது கொட்டும் அலாரங்கள் வருடத்துக்கு இரண்டு முறையோ மூன்று முறையோதான் வரும்; அடிக்கடி வருபவர்களின் பட்டியலில் அவை இடம்பெறவே பெறாது. மில்ஃபோர்ட் ஹேவன் போன்ற ஒரு நாளுக்கு இந்த வேலை ஆலையைத் தயார்படுத்தாது.

ஷெல்விங்: ஆபரேட்டர் கையில் ஒரு தற்காலிக வழி

ஒரு டிரான்ஸ்மிட்டர் பழுதாகிக் கத்துகிறது, பர்மிட் வாங்கி ஆள் வர நாளைக் காலை ஆகும். அதுவரை அந்த அலாரத்தை ஒதுக்கி வைக்க ஆபரேட்டருக்கு ஒரு வசதி வேண்டும். அதுதான் ஷெல்விங். இன்றைய டிசிஎஸ்கள் பலவற்றில் இது உண்டு, தனிச் செலவு பெரிதாக இல்லை.

இதில் எல்லாமே விதிமுறையைப் பொறுத்தது. ஒதுக்கிய அலாரம் ஒரு ஷிப்ட் முடிவதற்குள் தானாகத் திரும்பி வர வேண்டும். யார் ஒதுக்கினார், ஏன் என்பது பதிவாக வேண்டும். ஷிப்ட் ஒப்படைக்கும்போது அந்தப் பட்டியலை இருவரும் சேர்ந்து படிக்க வேண்டும். பாதுகாப்புக்கென்று வைத்த உயர்நிலை அலாரங்களைத் தனி அனுமதி இல்லாமல் தொட முடியக் கூடாது. இந்த நான்கும் இல்லாவிட்டால் ஷெல்விங்கே ஆபத்து. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்ஸிகோ வளைகுடாவில் வெடித்து 11 பேரைப் பலிகொண்ட டீப்வாட்டர் ஹொரைஸன் துளைமேடையில், பொது அலாரம் தானாக ஒலிக்காதபடி முடக்கப்பட்டிருந்தது என்று அதன் மின்னணுப் பிரிவின் தலைமைத் தொழில்நுட்பர் விசாரணையில் சாட்சி சொன்னார். பொய் அலாரத்துக்காக ஆட்களை அதிகாலை மூன்று மணிக்கு எழுப்ப வேண்டாம் என்பதே தனக்குச் சொல்லப்பட்ட காரணம் என்றார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். தொல்லை கொடுக்கும் அலாரத்தைச் சரிசெய்யாமல் விட்டால் மனிதர்கள் அதை எப்படியாவது அணைக்கத்தான் பார்ப்பார்கள். அதை விதிக்குள் செய்ய வழி கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.

ஆக ஷெல்விங் வேண்டும், ஆனால் அதைத் தீர்வு என்று கணக்கில் எழுதக் கூடாது. ஒரே டேக் வாரம்தோறும் ஷெல்ஃபுக்குப் போய் வருகிறது என்றால் அது தொல்லை டேக் பட்டியலுக்குப் போக வேண்டியது.

ஒவ்வொரு அலாரத்தையும் விசாரிப்பது

இது கடினமான வழி. என் மனதுக்கு நெருக்கமான வழியும் இதுதான். ப்ராசஸ் இன்ஜினியர், இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியர், பாதுகாப்புத் துறையிலிருந்து ஒருவர், கன்சோலில் உட்காரும் அனுபவமுள்ள ஆபரேட்டர் இருவர் ஆகியோர் ஒரு அறையில் உட்கார்ந்து, டேக் டேக்காக நான்கு கேள்விகள் கேட்கிறார்கள். இந்த அலாரம் எதனால் வரும்? கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? ஆபரேட்டர் என்ன செய்ய வேண்டும்? அதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அது அலாரம் ஆகாது. வெறும் தகவல், ஜர்னலில் பதிவாகட்டும், மணி அடிக்க வேண்டியதில்லை.

இந்த ஒரு விதியே நிறைய அலாரங்களை அள்ளிக்கொண்டு போய்விடும். பம்ப் ஓடுகிறது, வால்வு திறந்தது என்று வருபவையெல்லாம் முதல் நாளிலேயே காலி. அப்புறம்தான் உண்மையான விவாதம் தொடங்கும். ஒரு கலனின் மட்டம் நிமிடத்துக்கு 2 சதவீதம் ஏறக்கூடும், 95 சதவீதத்தில் வழிந்துவிடும் என்று வையுங்கள். அலாரத்தைப் பார்த்து, ஃபீல்ட் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, அவர் நடந்துபோய் வால்வை மூட 10 நிமிடம் ஆகும். அப்படியானால் அலாரம் 75 சதவீதத்திலாவது வர வேண்டும். ஆனால் கலன் வழக்கமாக 72-இல்தான் ஓடுகிறது என்றால்? 75-இல் வைத்தால் அலாரம் நாள் முழுக்கக் கத்தும். 85-இல் வைத்தால் ஆபரேட்டருக்கு நேரம் போதாது. அங்கே அலாரத்தால் வேலை நடக்காது, தானாக மூடும் இன்டர்லாக் வேண்டும் என்ற உண்மை அப்போதுதான் வெளியே வருகிறது. செட்பாயின்ட்டை 90 என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவைத்த ஆலையில் இது ஒருநாளும் தெரிய வராது.

இன்னொன்றும் வெளியே வரும். 2005 டிசம்பர் 11 அதிகாலை, இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கில் 912-ஆம் எண் தொட்டி பெட்ரோலால் நிரம்பிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்குப் பிறகு மட்டமானி ஒரே இடத்தில் நின்றுவிட்டது. அந்தத் தொட்டிக்கு அடுத்தடுத்த நிலைகளில் மூன்று அலாரங்கள் இருந்தன, ஆனால் மூன்றும் அந்த ஒரே மட்டமானியை நம்பியவை. ஒன்றும் ஒலிக்கவில்லை. தனியாக வைத்திருந்த உயர் மட்ட ஸ்விட்ச்சும் வேலை செய்யவில்லை. தொட்டி வழிந்து காலை 6.01-க்கு வெடித்தது. ஒரே டிரான்ஸ்மிட்டரிலிருந்து வரும் மூன்று அலாரங்களை மூன்று பாதுகாப்பாக எண்ணிக்கொள்வது எவ்வளவு பெரிய பிழை என்பது இதில் தெரிகிறது. டேக் டேக்காக உட்கார்ந்து பார்க்கிற குழு அந்த மூன்றை ஒன்றாக்கும்; தனிக் கருவி ஒன்றைச் சேர்க்கவும் சொல்லும். எண்ணிக்கை குறைகிறது, பாதுகாப்பு கூடுகிறது.

செலவு என்ன? முக்கியமாக ஆட்களின் நேரம். 4,000 அலாரங்கள், ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால் 333 மணி நேரம். நாளைக்கு ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் 55 வேலை நாட்கள். ஷிப்ட் ஆபரேட்டர்களை இத்தனை நாள் விட்டுக்கொடுக்க எந்த ஆலையும் தயங்கும். அதனால் சிலர் ஆபரேட்டர் இல்லாமல், வெளியிலிருந்து வந்த ஆலோசகரையும் இரண்டு இன்ஜினியர்களையும் வைத்து முடித்துவிடுகிறார்கள். அதைச் செய்வதைவிடச் செய்யாமலே இருக்கலாம். அலாரம் வந்தால் உண்மையில் என்ன செய்வோம் என்று தெரிந்தவர் அந்த அறையில் ஆபரேட்டர் மட்டும்தான். முழு ஆலையையும் ஒரே மூச்சில் எடுக்காமல், யூனிட் யூனிட்டாக எடுத்தால் ஆட்களை விடுவது முடியக்கூடியதே.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. முடிவுகளையெல்லாம் ஒரு மாஸ்டர் டேட்டாபேஸில் எழுதி, அதற்குப் பிறகு செட்பாயின்ட்டை மாற்ற ஒரு அனுமதி முறை வைக்காவிட்டால், இரண்டு வருடத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அடுத்த ஹாஸாப் வரும், அடுத்த புராஜெக்ட் வரும், புதிய டேக்குகள் பழையபடி ஏழு அலாரத்தோடு வந்து சேரும்.

வெள்ளத்தைத் தடுப்பது: ஆலையின் நிலையைப் பார்த்து அலாரம்

ஒரு கம்ப்ரசர் ட்ரிப் ஆகிறது. உடனே டிஸ்சார்ஜ் அழுத்தம் தாழ்வு, ஓட்டம் தாழ்வு, மோட்டார் கரன்ட் தாழ்வு, சீல் கேஸ் வேறுபாடு, ஆயில் அழுத்தம் என்று வரிசையாகக் கொட்டுகின்றன. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் நியாயமான அலாரம். முன்சொன்ன நான்கு கேள்விகளிலும் ஒவ்வொன்றும் தேறிவிடும். ஆனால் கம்ப்ரசர் நின்றுவிட்ட பிறகு அவை சொல்வதெல்லாம், நின்றுபோன கம்ப்ரசர் நின்றிருக்கிறது என்பதையே. ஆபரேட்டருக்கு வேண்டியவை இரண்டு: முதலில் எது ட்ரிப் செய்தது, நிற்கும்போதும் ஆபத்தான நிலையில் இருப்பது எது.

இதற்கான வழி, ஆலையின் நிலையை டிசிஎஸ்ஸுக்குப் புரியவைப்பது. ஓடுகிறது, நின்றிருக்கிறது, ஸ்டார்ட் ஆகிறது என ஒவ்வொரு நிலைக்கும் தனி அலாரத் தொகுப்பு. நிலை மாறினால் அலாரங்களும் அவற்றின் எல்லைகளும் மாறும். நிறுத்தி வைத்த ஸ்டாண்ட்பை பம்பின் தாழ் அழுத்த அலாரம் மாதக்கணக்கில் திரையில் எரிந்துகொண்டிருப்பதும் இதனால் தீரும்.

ஸ்டார்ட்அப்புக்கு இது எவ்வளவு தேவை என்பதற்கு 2005 மார்ச் 23 அன்று டெக்ஸாஸ் சிட்டியில் பிபி ஆலையில் நடந்ததைப் பார்க்கலாம். 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். ஒரு கோபுரத்தை மறுபடி ஓட்டத் தொடங்கும்போது அளவுக்கு மேல் நிரப்பிவிட்டார்கள். முதல் உயர் மட்ட அலாரம் 72 சதவீதத்தில் அதிகாலையிலேயே வந்தது, அக்னாலெட்ஜ் செய்தார்கள் (பார்த்தாயிற்று என்று பதிந்தார்கள்), வெடிப்பு வரை அது எரிந்துகொண்டேதான் இருந்தது. இரண்டாவது, தனியாக வைத்த உயர் மட்ட அலாரம் ஒலிக்கவில்லை. ஸ்டார்ட்அப்பின்போது அந்த முதல் எல்லையைத் தாண்டி நிரப்புவது அங்கே வழக்கமாகவே இருந்தது. ஒவ்வொரு ஸ்டார்ட்அப்பிலும் வந்தே தீரும் அலாரத்தை யார் நம்புவார்கள்? சீரான ஓட்டத்துக்கென்று வைத்த எல்லைகளை ஸ்டார்ட்அப்புக்கும் அப்படியே விட்டுவைத்தால், மிகவும் ஆபத்தான மணி நேரங்களில்தான் ஆபரேட்டர் அலாரங்களை ஒதுக்கப் பழகுகிறார். அந்த விபத்துக்கு வேறு காரணங்கள் பல உண்டு, உடைந்த கருவிகள் உட்பட. ஆனால் இந்தப் பழக்கத்தை ஆலையின் அமைப்பே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

இந்த வழியின் விலை, ஆபத்து இரண்டும் அதிகம். நிலையைத் தவறாகக் கணித்தால் உண்மையான அலாரம் மறைந்துவிடும். மோட்டார் கரன்ட் சுழியம் என்ற ஒரே சிக்னலை நம்பி 'நின்றிருக்கிறது' என்று முடிவெடுத்து, அந்த கரன்ட் டிரான்ஸ்மிட்டரே பழுதாகியிருந்தால், ஓடுகிற கம்ப்ரசரின் எல்லா அலாரமும் அடங்கிப்போகும். எனவே குறைந்தது இரண்டு தனித்தனி சிக்னல்கள் ஒத்துப்போனால்தான் நிலை மாற வேண்டும். சந்தேகம் இருந்தால் அலாரம் வரும் பக்கமே சாய வேண்டும். எழுதிய லாஜிக்கை ஷட்டவுன் காலத்தில் சோதிக்க வேண்டும். டேக் விசாரணை முடிந்த யூனிட்டில் மட்டுமே இதைச் செய்யலாம். எந்த அலாரம் எதற்கு என்று தெரியாமல் எதை எப்போது அடக்குவது என்று எழுத முடியாது.

நல்ல செய்தி, எல்லா இடத்திலும் இது தேவைப்படாது. பெரிய கம்ப்ரசர், ஃபர்னஸ், ஸ்டீம் பாய்லர், ஒரு ரியாக்டர் என்று வெள்ளத்தைக் கொண்டுவரும் ஐந்தாறு நிகழ்வுகளுக்குச் செய்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

மற்ற யோசனைகள்

உயர் முன்னுரிமை அலாரங்களை மட்டும் திரையில் காட்டு, மற்றதை மறை என்ற யோசனை ஒவ்வொரு கூட்டத்திலும் வரும். முன்னுரிமைகள் ஒழுங்காகப் பிரிக்கப்படாத ஆலையில் இதற்குப் பொருளே இல்லை. 87 சதவீதம் உயர்நிலை என்றால் எதை மறைப்பது?

இன்னொரு ஆபரேட்டரைச் சேர்ப்பது சில இடங்களில் நியாயம்தான், ஒருவரே மூன்று யூனிட்டைப் பார்க்கிறார் என்றால். ஆனால் ஆலையை இரண்டாகப் பிரித்தால் ஒரு ட்ரிப்பின் பாதி அலாரங்கள் ஒருவரிடமும் மீதி மற்றவரிடமும் போய், முழுப் படம் யாரிடமும் இல்லாமல் போகலாம். திரைகளைச் சாம்பல் பின்னணிக்கு மாற்றி, நிறத்தை அலாரத்துக்கு மட்டும் ஒதுக்குவதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. அலாரங்களைக் குறைத்த பிறகு செய்தால் அதன் பலன் இரட்டிப்பாகும்.

இப்போது எல்லோரும் கேட்பது ஏஐ. ஜர்னலில் எந்த அலாரங்கள் சேர்ந்தே வருகின்றன, எது எதைத் தொடர்கிறது என்று கண்டுபிடிப்பதில் இந்தக் கருவிகள் கெட்டிதான். தொல்லை டேக் வேட்டையையும் ட்ரிப்புக்குப் பின்னான ஆய்வையும் வேகப்படுத்தும். ஆனால் இந்த அலாரம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் ஜர்னலில் இல்லை. அது ஆபரேட்டரின் தலையிலும் ப்ராசஸ் இன்ஜினியரின் கணக்கிலும் இருக்கிறது. டேட்டாபேஸ் இல்லாத ஆலை இதை வாங்கினால் ஏற்கெனவே தெரிந்ததையே அழகான வரைபடமாகப் பார்க்கலாம். நான் இதைக் கடைசியில் வைப்பேன்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

மூன்று மாத ஜர்னலை எடுத்து இரண்டு கணக்கு போடுங்கள். ஒரு நாள் சராசரி எவ்வளவு, பத்து நிமிடத்தில் பத்தைத் தாண்டிய நேரம் மொத்த நேரத்தில் எத்தனை சதவீதம். இரண்டாவது எண் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது தரம்.

சராசரி மோசம், வெள்ளம் குறைவு என்றால் தொல்லை டேக் வேலையும் ஒழுங்கான ஷெல்விங்கும் இப்போதைக்குப் போதும். டேக் விசாரணையை அடுத்த பட்ஜெட்டில் வையுங்கள். சராசரி நன்றாக இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு ட்ரிப்பிலும் திரை நிரம்பி வழிகிறது என்றால் நீங்கள்தான் அதிகக் கவலைப்பட வேண்டியவர், ஏனென்றால் மாத அறிக்கையில் உங்கள் பிரச்சினை தெரியவே தெரியாது. அந்த யூனிட்டில் நேராக டேக் விசாரணைக்குப் போய், அதை முடித்த கையோடு நிலை சார்ந்த அலாரத்துக்குப் போங்கள். இரண்டுமே மோசம் என்றால் வரிசை மாறக் கூடாது: முதலில் இரைச்சல், பிறகு விசாரணை, பிறகு வெள்ளம். இரைச்சல் அடங்காமல் விசாரணைக்கு உட்கார்ந்தால் ஆபரேட்டர்களுக்கு நம்பிக்கை வராது. 'இரண்டு வருடமாகச் சொல்லும் டேக்கையே நீங்கள் சரிசெய்யவில்லை, இப்போது 4,000-ஐப் பற்றிப் பேசுகிறீர்கள்' என்று அவர்கள் கேட்டால் அதில் நியாயம் உண்டு.

காசு இல்லை என்று சொல்லும் நிர்வாகத்துக்கு ஒரு வாதம் உண்டு. உங்கள் ஆலையின் லோபா (பாதுகாப்பு அடுக்குகளைக் கணக்கிடும்) ஆவணங்களைத் திறந்து பாருங்கள். பல இடங்களில் 'அலாரம் வந்ததும் ஆபரேட்டர் செயல்படுவார்' என்று எழுதி, அதற்காக ஆபத்து பத்தில் ஒன்றாகக் குறைவதாகக் கணக்கில் எடுத்திருப்பார்கள். அந்த அலாரம் 275-இல் ஒன்றாக வந்தால் அந்தக் கணக்கு செல்லாது. எத்தனை இடங்களில் அப்படி எழுதியிருக்கிறது என்று எண்ணி, அந்த டேக்குகளைத் தனிப் பட்டியலாக எடுத்து, டேக் விசாரணையை அவற்றிலிருந்து தொடங்கலாம். ஐம்பதோ நூறோதான் இருக்கும். சில நாட்களில் முடியும். முழு வேலைக்கு அனுமதி கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அடுத்த முறை ட்ரிப் வரும்போது, அது வந்தே தீரும், முதல் பத்து நிமிட ஜர்னலை அச்செடுத்து, அன்று கன்சோலில் இருந்தவரோடு அதே வாரத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, 'இது உங்களுக்கு உதவியதா?' என்று கேளுங்கள். யார் மீதும் குற்றம் சுமத்தும் கூட்டமாக அது மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'இல்லை' என்று அவர் சொன்ன வரிகளே உங்கள் வெள்ளத் தடுப்பு வேலையின் முதல் பட்டியல்.